எட்டாவது ஸ்க்ரூ

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனம் பானெட்டு மேல இன்னும் உதிரலை, அதுக்குள்ள வண்டியில பிரேக்கு மக்கர் பண்ணுது.

மக்கர்னா நிக்காம இல்லை. நிக்குது. ஆனா மிதிச்சா முன்ன மாதிரி பேச மாட்டேங்குது. இதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. நான் செருப்புப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டினதே கெடையாது. முப்பத்தி மூணு வருசம் லாரி ஓட்டினேன், ஏறும்போதே செருப்பைக் கழட்டி சீட்டுக்கு அடியில தள்ளிருவேன். லாரிக்காரங்க நெறையப் பேரு அப்படித்தான். சாமி படம் ஒட்டின எடத்துல செருப்புக் காலோட உக்காரக் கூடாதுங்கறது ஒண்ணு. வெறுங்கால்ல மிதிச்சாத்தான் வண்டி என்ன சொல்லுதுன்னு தெரியுங்கறது இன்னொண்ணு. பிரேக் கட்டை தேஞ்சா உள்ளங்கால்ல நரநரன்னு வரும். சக்கரத்துல நட்டு லூசானா கட்டை விரல்ல அதிரும். ஒருக்கா சோலாப்பூர் தாண்டிப் போறப்ப திடீர்னு ஓரங்கட்டினேன். மாத்தி ஓட்டறதுக்குக் கூட வந்த செட் டிரைவர், "என்னண்ணா, ஒண்ணுக்கு வருதா?"ன்னான். "எறங்கி பின்சக்கரத்தைப் பாரு"ன்னேன். நாலு நட்டு விரல்லயே கழண்டு வந்துச்சு. அன்னைலேருந்து அவன் என்னை விட்டு என் காலுக்குத்தான் வணக்கம் வெப்பான்.

இப்ப வெச்சிருக்கறது லாரி இல்லை, சின்னச் சிவப்புக் காரு. கோழிப்பண்ணை முதலாளிக்குப் பத்தொம்பது வருசம் முட்டை லோடு அடிச்சேன். அவரு பையன் ஆசைப்பட்டு வாங்குனது. பையன் வெளிநாடு போய்ட்டான், வண்டி மேல கோழி ஏறி உக்காந்துட்டு இருந்துச்சு. நான் வேலையை விட்டு நின்ன அன்னைக்கு, "நல்லியண்ணா, இது உன்கிட்டத்தான் உசுரோட இருக்கும், கொண்டு போ"ன்னு சாவியைக் கையில வெச்சாரு. பின்னாடி டிக்கி நீட்டிட்டு நிக்காது, வால் அறுந்த கோழியாட்டம் மொட்டையா இருக்கும். பாத்தா சிரிப்பு வரும். ஆனா உள்ள இருக்கற எஞ்சின் பெருசு, லாரியில இருக்கறாப்புல டர்போ வேற. லேசா மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும்.

விசயத்துக்கு வர்றேன். 26ஆந்தேதி ஞாயித்துக்கெழமை எம் மக பூங்கொடிக்கு வளைகாப்பு. எங்களுக்கு இருக்கறது அவ ஒருத்திதான். கொல்லிமலை மேல செம்மேட்டுல நர்ஸா இருக்கறா, கட்டிக் குடுத்ததும் அங்கயேதான். வளைகாப்பு முடிச்சு நாங்க கூட்டிட்டு வரணும். எழுவது கொண்டை ஊசி வளைவு எறங்கணும். பஸ்ஸுல வந்தா கொடலே வாய்க்கு வந்துரும்ப்பாங்கறா. "நம்ம வண்டியிலதான் கண்ணு, அலுங்காம கொண்டாந்து சேத்துருவேன்"னு போன்ல சொல்லிட்டேன். ஏழு மாசப் புள்ளத்தாச்சியை உக்கார வெச்சுக்கிட்டு எறங்கும்போது பிரேக்கு பேசாம இருந்தா ஆகுமா? இன்னும் இருவத்திமூணு நாள் இருக்குது. கண்டுபுடிச்சுருவேன்.

என்னைக்கு எதைக் கழட்டினேன், எதை மாட்டினேன்னு மறக்காம இருக்கத்தான் இதை எழுதறேன். தீவனக் கம்பெனி குடுத்த டைரி, ஜனவரியிலேருந்து சும்மா கெடந்துச்சு. நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவன். மீதி எழுத்தெல்லாம் முன்னாடி போற லாரி முதுகைப் பாத்துப் படிச்சது. தப்பு இருந்தா முன்னாடி போனவனைத்தான் கேக்கணும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பிரேக் ஆயில் மாத்தினேன். புது ஆயிலு பாக்கறதுக்கு வெளுத்த மஞ்சளா இருக்கும். டப்பாவுல இருந்தது காப்பி டிகாசனாட்டம் இருந்துச்சு. அப்படியே உட்டா அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கும். மலை எறங்கும்போது பிரேக்கு சூடாகி, அந்த ஈரம் கொதிச்சு, உள்ள காத்துக் குமிழாயிரும். அப்பறம் மிதிச்சா கால் பஞ்சு மூட்டையில போறாப்புல போகும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கண்டிப்பா மாத்தணும். பெயிண்டு மேல ஒரு சொட்டு உட்டாலும் தோல் உரிஞ்சுரும், ஒடனே தண்ணி ஊத்திக் கழுவிறணும்.

இதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட நிப்பிளைத் தொறந்து மூடணும். தூரமா இருக்கற சக்கரத்துல, அதாவது பின்னாடி இடது பக்கத்துல ஆரம்பிக்கணும். பாவாயியை சீட்டுல உக்கார வெச்சேன். பாவாயி என் வீட்டுக்காரி.

"மிதி."

"மிதிச்சுட்டனுங்க."

"புடிச்சுக்க."

"புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

"விடு."

"எதை விடறது? காலையா, உங்களையா? முப்பது வருசமா ரெண்டையும்தான் புடிச்சுட்டு இருக்கறேன்."

நிப்பிள்ல மாட்டின டியூபு வழியா குமிழு குமிழா வந்துச்சு, அப்பறம் நின்னு சுத்தமா வந்துச்சு. நாலு சக்கரமும் முடிச்சோம். "இப்ப எப்படி இருக்குது?"ன்னு கேட்டேன். "கல்லாட்டம் இருக்குதுங்க. இதுக்கு மேல போகவே மாட்டேங்குது"ன்னா.

நான் உக்காந்து மிதிச்சேன். கல்லும் இல்லை, பஞ்சும் இல்லை. ஒண்ணுமே இல்லை. பாவாயி இதுவரைக்கும் மிதிச்சது தையல் மிஷினு ஒண்ணுதான், அவளுக்கு என்ன தெரியப் போகுது.

அக்டோபர் 6, திங்கள்

மறுபடி ஓட்டிப் பாத்தேன். அப்படியேதான் இருக்குது.

அக்டோபர் 9, வியாழன்

சக்கரத்தைக் கழட்டி பிரேக் பேடு பாத்தேன். பாதிக்கு மேல இருக்குது, ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம் தேஞ்சிருக்குது. டிஸ்க்குல கோடு இல்லை. மிதியில ஒட்டியிருக்கற ரப்பரு வழவழன்னு போயிருச்சு, அதுதான் கால்ல தெரிய மாட்டேங்குதுன்னு புது ரப்பர் வாங்கியாந்து மாட்டினேன்.

மாட்டிட்டு இருக்கும்போது பொங்கியண்ணன் வந்தான். பாவாயிக்குத் தம்பி, எனக்கு மாப்ள. கவர்மெண்டு பஸ்ஸு ஓட்டி ரிட்டையர் ஆனவன். பஸ்ஸை விட்டு எறங்கி நாலு வருசமாச்சு, இன்னும் ஷூ போட்டுக்கிட்டுத்தான் எளநி குடிக்கப் போவான்.

"என்னங்க மாமா, புதுக் கொலுசு மாட்டி உடறீங்களா?"

"பிரேக்குல ஏதோ கொறைடா."

"நகருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

"ஷூவோட எவன்டா என் வண்டியில ஏர்றவன்? எறங்கு. உனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, ஒண்ணு விசிலு, இன்னொண்ணு ஸ்டாப்பு."

"ஆமாங்க மாமா. ஆனா ஸ்டாப்புல நின்னுருக்கறேன். உங்க லாரிக்காரங்க எவனாச்சும் நின்னு பாத்துருக்கறீங்களா?"

பாவாயி உள்ளேருந்து சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. பொறந்த வீட்டுச் சிரிப்பு தனியா தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்னைக்கு ஒரு கொறையைப் புடிச்சுட்டேன். வண்டி ஏத்தத்துல மந்தமா இருந்துச்சு. ஏர் ஃபில்டரைக் கழட்டினேன். உள்ள கோழி றெக்கை! நாங்க இருக்கறது பண்ணைக்குப் பக்கம், காத்தடிச்சா றெக்கையும் தீவனத் தூசியும்தான். தட்டினா போகாதுன்னு புதுசு போட்டேன். ரேடியேட்டர் முன்னாடியும் மெத்தை மாதிரி அப்பியிருந்துச்சு, பழைய பல்லு பிரஷ்ஷுல மேலேருந்து கீழ தடவி எடுத்தேன். குறுக்கால தேச்சா தகடு மடங்கிரும்.

அப்பறம் டர்போவுலேருந்து காத்துப் போற ரப்பர் ஓஸு. மிதிச்சா உஸ்ஸுன்னு பாம்பு சத்தம் வந்துச்சு. ஓஸைச் சுத்தி விரல் வெச்சுத் தடவினேன், ஒரு எடத்துல எண்ணெய் ஈரம். கிளிப்பு லூசு. ரெண்டு சுத்து முறுக்கினேன், பாம்பு ஓடிப் போச்சு. பிளக்கு நாலையும் கழட்டிப் பாத்தேன், வெல்லம் நெறத்துல இருக்குது. அந்த நெறம் இருந்தா எஞ்சினு சந்தோசமா இருக்குதுன்னு அர்த்தம். கரியாட்டம் இருந்தாத்தான் கவலை.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்தோம். வாசல்ல நின்னுட்டு பாவாயி என் காலையே பாத்தா.

"ஏனுங்க, இன்னொரு செருப்பு எங்க?"

பாத்தா ஒத்தச் செருப்போட வந்திருக்கறேன். கழண்டது எங்கன்னே தெரியலை. திரும்பிப் போய்ப் பாத்தா கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவால, சோளக்காட்டு ஓரத்துல கெடந்துச்சு. வார் லூசு. பழைய செருப்பு வேற.

பாவாயி சிரிக்கலை. சிரிக்க வேண்டிய விசயம்தான அது? "சர்க்கரை மாத்திரை போடறீங்களா?"ன்னு கேட்டா. ஞாபகம் வர்றப்பப் போடறேன். போன வருசமே டவுன் டாக்டரு கால்ல குச்சி வெச்சுக் குத்திப் பாத்துட்டு ஏதோ சொன்னாரு. சொன்னது இங்கிலீசுல. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். அவரைத் திரும்பச் சொல்லச் சொல்றதுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

அக்டோபர் 15, புதன்

முன் பம்பர் இடது பக்கம் ஒடைஞ்சிருக்குது. பால் சொசைட்டி முன்னாடி நாய் குறுக்கால வந்துருச்சு, தூண்ல லேசா ஒரசிருச்சு. பாவாயிகிட்ட அப்படித்தான் சொன்னேன்.

டைரிக்குச் சொல்றேன். நாய் வந்துச்சு, ஆனா தூரமா. நான் ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டேன். எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். வண்டி எடுக்கலைங்குது. எஞ்சினு உறுமுது, தூண் கிட்ட வருது. குனிஞ்சு பாத்தா கால் அங்கயேதான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து ஆக்சிலேட்டர் மிதியைப் பத்துத் தரம் கையால அமுக்கி உட்டேன். ஒவ்வொரு தரமும் டக்குனு மேல வருது. காலுக்கு அடியில விரிச்சிருக்கற ரப்பர் மேட்டு ஏறி அடைச்சிருக்கும்னு மேட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டேன். மேட்டுதான். யாரா இருந்தாலும் மேட்டை ரெண்டு கிளிப்பு போட்டு மாட்டணும், இல்லைன்னா முன்னாடி நழுவி வந்து மிதிக்கு அடியில போயிரும். இதை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பம்பரைப் பழைய பிளாஸ்டிக் கொடம் ஒடச்சு ஒட்டு போட்டு, கம்பி காய வெச்சு உருக்கி ஒட்டினேன். தூரமா நின்னு பாத்தா தெரியாது. கிட்ட வந்து பாக்கறவங்களுக்கு வேற வேலை இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

சாவி காணோம். காலையிலேருந்து தேடினேன். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்"னா பாவாயி. மத்தியானம் ரசத்துக்கு உப்புப் பத்தலைன்னு நானே போய் உப்பு ஜாடியில கையை உட்டேன், சாவி உள்ள இருக்குது.

எலி உப்பு ஜாடிக்கு மூடி போடுமா? கேக்கலை. அவளும் சொல்லலை. ரசம் நல்லா இருந்துச்சு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில எனக்கு எண்ணெய் தேச்சுக் குளியல், அப்பறம் வண்டிக்கு எண்ணெய் மாத்தினேன். "நல்ல நாளும் அதுவுமா வண்டிக்கு அடியில போய்ப் படுக்கறீங்களே"ன்னு பாவாயி திட்டினா. இன்னும் ஆறு நாள்தான இருக்குது.

எஞ்சினை அஞ்சு நிமிசம் ஓட உட்டு நிறுத்தணும், அப்பத்தான் ஆயிலு எளகி முழுசா வடியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகக் கூடாது. செங்கல் வெக்கறாங்க சில பேரு, அது நொறுங்கும். கழட்டின சக்கரத்தைப் படுக்க வெச்சு அடியில தள்ளி உடணும். டர்போ வண்டிக்கு ஆயில்ல கருமித்தனம் பண்ணக் கூடாது, ஆயிலு கெட்டா மொதல்ல சாகறது டர்போதான். மலை ஏறி நிறுத்தினா ஒடனே சாவியைத் திருப்பிறக் கூடாது, ஒரு நிமிசம் சும்மா ஓட உடணும். ஓடி வந்தவனை ஒடனே படுக்க வெச்சா நெஞ்சை அடைக்குமல்ல, அது மாதிரி.

அடியில ஒரு கவர் இருக்குது, எட்டு ஸ்க்ரூ. எட்டையும் கொட்டாங்குச்சியில போட்டு வெச்சேன். ஆயிலு வடிஞ்சு, ஃபில்டர் மாத்தி, புது ஆயிலு ஊத்தி, கவரை மாட்டறப்ப எண்ணிப் பாத்தா ஏழு.

எண்ணிக் கழட்டுனதை எண்ணி மாட்டாம வண்டியை நகத்தக் கூடாது. எங்களுக்கு அது சட்டம். ஒரு ஸ்க்ரூக்காக நாக்பூர்ல ஒரு நாள் முழுக்க வெயில்ல நின்னுருக்கறேன். கயித்துல காந்தத்தைக் கட்டி வாசல் பூரா இழுத்தேன். ரெண்டு பழைய ஆணியும் ஒரு ஊக்கும் வந்துச்சு. நீதான் கூட்டித் தள்ளிட்டேன்னு பாவாயியைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கோழி மேலயும் சந்தேகப்பட்டேன். வாசலுக்கும் வண்டிக்கும் நடந்தேன், உள்ள போய் டார்ச்சு எடுத்துட்டு வந்தேன், ரெண்டு இட்லி தின்னேன், மறுபடி தேடினேன். மத்தியானம் வரைக்கும் இதே பொழப்பு.

பாவாயி வெளியேருந்து சத்தம் போட்டா: "யாரு கோலத்து மேல குங்குமத்தைக் கொட்டினது?"

அப்பறம் சத்தத்தைக் காணோம். கோலத்துலேருந்து படி, படியிலேருந்து கூடம், கூடத்துலேருந்து அடுப்படி, குனிஞ்சு குனிஞ்சு தரையைப் பாத்துட்டே வந்தா. நான் சேர்ல உக்காந்திருந்தேன். எனக்கு முன்னாடி வந்து உக்காந்து என் வலது காலைத் தூக்கித் திருப்பிப் பாத்தா.

"ஏனுங்க. இதையா தேடறீங்க?"

உள்ளங்கால் நடுவுல, ஸ்க்ரூவோட தலை மட்டும் தெரிஞ்சுது. மீதி முழுக்க உள்ள.

குறடு எடுத்துட்டு வந்தா. "கண்ணை மூடிக்குங்க"ன்னா. "எதுக்கு?"ன்னேன். "வலிக்குமல்லங்க." மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரம் ஆச்சு. "எடு, எடு, எவ்வளவு நேரம்"னேன்.

"எடுத்துட்டனுங்க."

கண்ணைத் தொறந்தா குறடுல ஸ்க்ரூ இருக்குது. அவ என் காலை மடியில வெச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்கறா. "எட்டாவது கெடைச்சிருச்சல்ல, அழுவாத"ன்னேன். அதுக்கு இன்னும் ஜாஸ்தியா அழுதா.

"பிரேக்கா, காலா?"ன்னு கேட்டா. மொதல்ல டவுனுக்குப் போய் ஊசி போட்டுக்கலாம்னு சொன்னேன். பஸ்ஸுலதான் போனோம். தீபாவளிக்கு பஸ்ஸுல எடம் கெடைச்சதே பெருசு.

ஸ்க்ரூவைக் கழுவி மாட்டிட்டேன். எட்டும் சரியா இருக்குது.

அக்டோபர் 22, புதன்

கொறை எங்கன்னு புடிபடாதப்ப ஒரு வழி இருக்குது. சந்தேகமா இருக்கற பாகத்தைக் கழட்டிட்டு, நல்லா இருக்கற பாகத்தைக் கொண்டாந்து மாட்டிப் பாக்கணும். கொறை போயிருச்சுன்னா, கழட்டி வெச்சதுலதான் கொறை. பேட்டரியோ, பிளக்கோ, எதுக்கும் இது செல்லும்.

பொங்கியண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஷூவோட வந்தான். "ஏறு"ன்னேன். அவன் என்னைப் பாத்தான், அவங்கக்காவைப் பாத்தான், மறுபடி என் கால்ல இருந்த கட்டைப் பாத்தான். ஏறி சீட்டைத் தன் காலுக்குத் தக்க நகத்திக்கிட்டான். நான் இடது பக்கம் உக்காந்தேன். சொந்த வண்டியில அந்தப் பக்கம் உக்காந்ததில்லை. சீட்டு பெல்ட்டு எந்தத் தோள்ல வருதுன்னே கொழப்பமா இருந்துச்சு.

பண்ணை வரைக்கும் போய்த் திரும்பினோம். பள்ளத்துல எறக்கி நடுவால நிறுத்தச் சொன்னேன். வேகமாப் போய் நிறுத்தச் சொன்னேன். மொள்ளப் போய் நிறுத்தச் சொன்னேன்.

"பிரேக்கு எப்படிடா?"

"ஊசி மொனையாட்டம் இருக்குதுங்க மாமா. தொட்டா நிக்குது. இப்படி ஒரு பிரேக்கு நான் ஓட்டினதே இல்லை. ஒரு கொறையும் இல்லைங்க."

அப்ப கொறை கழட்டி வெச்ச பாகத்துல இருக்குது.

இன்னைக்குப் பக்கத்துல இன்னும் பாதி எடம் இருக்குது, ஆனா எழுதறதுக்கு ஒண்ணுமில்லை.

அக்டோபர் 23, வியாழன்

காலையில சாவியைத் தூக்கிட்டு பொங்கியண்ணன் வீட்டுக்கு நடந்தே போனேன். புதுச் செருப்பு, பின்னாடி வார் வெச்சது. பாவாயி வாங்கியாந்தது.

"ஞாயித்துக்கெழமை நீ ஓட்டணும்டா மாப்ள. புள்ளையைக் கூட்டிட்டு வரணும். எழுவது வளைவு. நான்…" சாவியை நீட்டினேன்.

அவன் சாவியை வாங்கலை. "ஷூவோட ஏறாதேன்னீங்களே."

"ஷூவோடயே ஏறித் தொலை."

"டிக்கெட்டு எடுத்தாத்தான் வண்டியில ஏத்துவேன்."

"எடுத்துக்கறேன்."

"படியில நின்னு வரக் கூடாது."

"டேய்."

"கடைசியா ஒண்ணு. வழி பூரா நீங்க பேசக் கூடாது. மாமா, நீங்க பக்கத்துல உக்காந்து அதைப் புடி இதை விடுன்னா எனக்குக் கவனம் செதறும். பூங்கொடி எனக்கும் புள்ளதான். வாயை மூடிட்டு வர்றதா இருந்தா குடுங்க."

சரின்னுட்டேன். சாவியை வாங்கினான். திரும்பி வர்றப்ப சோளக்காட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்னேன். கதிரு நல்லாப் புடிச்சிருக்குது.

அக்டோபர் 25, சனி

டயர்ல காத்துப் பாத்தேன், வண்டி ஓடாம ஆறியிருக்கறப்பப் பாக்கணும். பேட்டரி முனையில பூத்த வெள்ளையைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினேன். கூலண்டு, வைப்பர் தண்ணி, ஆரன், லைட்டு எல்லாம் சரி. பாவாயி புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காச் சோறுன்னு ஏழு வகைக்கு அரிசி அளந்துட்டு இருக்கறா. நான் எல்லாத்தையும் ரெண்டு தரம் பாத்துட்டேன். மூணாந்தரமும் பாத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

நேத்து எழுத முடியலை. இன்னைக்குக் காலையில காப்பி குடிச்சுட்டு உக்காந்து எழுதறேன்.

ஏறும்போது நான் வாயைத் தொறக்கலை. காரவள்ளியிலேருந்து வளைவு ஆரம்பிக்குது, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்கும். பொங்கியண்ணன் பஸ்ஸு ஓட்டறாப்புலயே அகலமா எடுத்து ஏத்தினான். இந்த வண்டி சின்னது, அவ்வளவு அகலம் வேண்டியதில்லை. சொல்லலை. கையை வேட்டிக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டேன்.

வளைகாப்பு நல்லா நடந்துச்சு. புள்ள பச்சைப் பட்டுல இருந்தா. பொம்பளைங்க வரிசையா வந்து கன்னத்துல சந்தனம் பூசி வளையல் போட்டு உட்டாங்க. ரெண்டு கையிலயும் முட்டி வரைக்கும் கண்ணாடி வளையலு. சம்பந்தி வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்தப்ப, பூங்கொடி என்னைப் பின்னாடி ரூம்புக்குக் கூப்பிட்டா.

"உக்காருங்கப்பா. கட்டைப் பிரிங்க."

"நல்ல நாள்ல எதுக்குச் சாமி."

"பிரிங்கங்கறேன்." ஆஸ்பத்திரிக் கொரலு அது. பிரிச்சேன்.

வயித்தைப் புடிச்சுக்கிட்டு கீழ உக்காந்தா. காயத்தைப் பாத்தா, சுத்தியும் அமுக்கிப் பாத்தா. அப்பறம் ஒரு வளையலைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, "கண்ணை மூடுங்கப்பா. தொடறப்பத் தொடறப்ப சொல்லுங்க"ன்னா.

மூடினேன். வெளிய இலை போடற சத்தம் கேட்டுச்சு. யாரோ பாயசம் கேட்டாங்க.

"ஆரம்பிச்சுட்டியா கண்ணு?"

"முடிச்சுட்டேன்ப்பா."

கண்ணைத் தொறந்தா அவ என் காலையே பாத்துட்டு உக்காந்திருந்தா. அழுவலை. நர்ஸு பாருங்க. "எத்தனை நாளாப்பா?"ன்னா. டைரியில பிரேக்குன்னு எழுதியிருக்கறது எத்தனை நாளோ அத்தனை நாளுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடியே இருக்கும். ரெண்டு வருசம் இருக்குமோ என்னமோ. சொல்லிட்டேன். டாக்டரு இங்கிலீசுல சொன்னதையும் சொன்னேன். தூணுல இடிச்சதையும் சொன்னேன். நாய் தூரமாத்தான் வந்துச்சுன்னும் சொன்னேன். பாவாயிகிட்டக்கூட இதைச் சொல்லலை.

"நீ வண்டியில ஏர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க. நான் ஓட்டலை. உங்க மாமன்தான் ஓட்டறான். அப்பன் குடுத்த வாக்கு அவ்வளவுதான்."

"அலுங்காம கொண்டு போறேன்னுதான சொன்னீங்க? நீங்களே ஓட்டுவேன்னு சொன்னீங்களா?"

அப்படியும் ஒரு அர்த்தம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.

மருந்து வெச்சு, சுத்தமாக் கட்டினா. மாத்திரையை இனிமே அம்மா கையாலதான் வாங்கிப் போடணுமாம். வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணுமாம். தெனமும் சாயங்காலம் கண்ணாடி வெச்சு உள்ளங்காலைப் பாக்கணுமாம். "வண்டிக்கு அடியில பாக்கறதுக்குக் குச்சி வெச்ச கண்ணாடி ஒண்ணு இருக்குது, அது ஆகுமா?"ன்னேன். அதுக்குத்தான் சிரிச்சா. "ரொம்ப நல்லதுப்பா. வண்டிக்கு மொதல்ல பாக்காதீங்க, காலுக்கு மொதல்ல பாருங்க."

மூணு மணிக்குக் கெளம்பினோம். பின்னாடி புள்ளையும் பாவாயியும், முன்னாடி நானும் மாப்ளையும். எழுவதாம் நம்பர் வளைவுல எறங்க ஆரம்பிச்சான்.

பஸ்ஸுப் பழக்கம். வளைவு வர்ற வரைக்கும் உடுவான், வந்ததும் அமுக்குவான். ஒவ்வொரு வளைவுலயும் பின்னாடி வளையலெல்லாம் சேந்து கலகலன்னு கொட்டும். அறுவத்தியஞ்சு, கலகல. அறுவத்திமூணு, கலகல. பாவாயி "மெதுவாடா"ங்கறா. எனக்கு நாக்கு துடிக்குது. பேசக் கூடாதுன்னு வாக்கு. அறுவத்தியொண்ணுல பிரேக்கு சூடாகி ஒரு வாடை வந்துச்சு, கருகின துணியாட்டம். அவனுக்கும் வந்துச்சு. ஓரமா நிறுத்திட்டு ஸ்டீயரிங்கையே புடிச்சுட்டு உக்காந்திருந்தான்.

"மாமா. பேசுங்க."

"பேசலாமா?"

"பேசித் தொலைங்க. எனக்கு இது புடிபட மாட்டேங்குது. பஸ்ஸு கனத்துல ஒரு மாதிரி, இது காத்தாட்டம் பறக்குது."

பத்து நிமிசம் ஆற உட்டோம். புள்ள எறங்கி நின்னு ரெண்டு கொய்யாக்கா தின்னா. அப்பறம் எறங்க ஆரம்பிச்சப்ப நான் சொன்னேன். "ரெண்டாவது கீருலயே இரு. வேகத்தை எஞ்சினு புடிக்கும், பிரேக்கு அதுக்கு ஒத்தாசைதான். வளைவுக்கு முன்னாடியே கொஞ்சம் மிதி, வளைவுக்குள்ள விட்டுரு. மிதிக்கறதை விட விடறதுலதான் சூச்சமம் இருக்குது. காலை வெடுக்குனு எடுக்காத, முட்டை மேலேருந்து எடுக்கறாப்புல எடு."

"எவ்வளவு மிதிக்கறது?"

அதைத்தான் எனக்கு யாரும் கேட்டதில்லை. கால் சொல்லும், கால் கேக்கும். வாயால எப்படிச் சொல்றது? அப்பத்தான் பின்னாடி காதை வெச்சேன். வளையலு கொட்டினா ஜாஸ்தி மிதிச்சுட்டான். ஒரு பக்கமா மொள்ள நழுவி நின்னா சரியா மிதிச்சிருக்கறான். அதை வெச்சே சொல்லிட்டு வந்தேன். "இப்ப ஜாஸ்தி. இப்ப கொஞ்சம் லேட்டு. இது பரவால்லை. விடு, விடு, விடு… ஆங்." அவனும் "ம்", "ம்"னு கேட்டுட்டே ஓட்டினான். நாப்பதுக்குக் கீழ வந்தப்ப வாடை இல்லை. முப்பதுக்குக் கீழ வந்தப்ப நான் சொல்றதுக்கு முன்னாடியே அவன் சரியா மிதிச்சான். நானும் சொல்றதைக் கொறைச்சேன். பத்துக்குக் கீழ ரெண்டு பேருமே பேசலை.

ஒண்ணாம் நம்பர் போர்டு தாண்டி சமதரைக்கு வந்ததும் ஓரமா நிறுத்தினான். வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு, "எப்படிங்க மாமா?"ன்னான்.

நான் வாயில விரலை வெச்சு, பின்னாடி கையைக் காட்டினேன். பாவாயி தோள்ல சாஞ்சு புள்ள தூங்கிட்டு இருந்தா. ரெண்டு கை நெறைய வளையலு, ஒண்ணுகூடச் சத்தம் போடலை.